படம் தடக்கித் தடக்கி ஓடுகிறதா? புதுக் கொம்பியூட்டர் வாங்க அவசரப்படாதீர்கள்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இங்கே எங்கள் மண்டபங்களுக்கு ஓய்வில்லை. அரங்கேற்றம், சாமத்தியச் சடங்கு, கலியாணம், தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். இவற்றை வீடியோவில் எடுத்துத் தொகுக்கும் வேலையை இப்போது பல குடும்பங்களில் வீட்டுப் பிள்ளைகளே செய்கிறார்கள். படப்பிடிப்பாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத புதிய குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

இவ்விடயமாக எமக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. "கமெராவில் பார்த்தால் படம் வடிவாக ஓடுது. கொம்பியூட்டரில் போட்டு வெட்டத் தொடங்கினால் தடக்கித் தடக்கி நிக்குது. நிறத்தைத் திருத்தப் போனால் உறைஞ்சே போகுது. கொம்பியூட்டர் பழசு, புதுசு ஒண்டு எடுக்க வேணும் எண்டு மகன் சொல்லுறான். தவணைக்கு எடுக்கலாமோ?"

அவசரப்பட வேண்டாம் என்பதே எமது பதில். பெரும்பாலான வீடுகளில் குறை கொம்பியூட்டரில் இல்லை. கமெரா படத்தை எழுதி வைக்கும் முறைதான் காரணம். அந்தக் கோப்பை, வெட்டுவதற்கும் நிறம் திருத்துவதற்கும் ஏற்ற இன்னொரு முறைக்கு மாற்றிக் கொண்டால், ஐந்தாறு வருடப் பழைய கொம்பியூட்டரிலும் பெரும்பாலும் வேலையை முடித்துவிடலாம். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வதிவிட அனுமதிக்கும் வேலைக்கும் அலைந்துகொண்டிருக்கும் காலத்தில் வட்டியுடன் ஒரு கடனைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னர், இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு விடயம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களிலும், 2009இல் வன்னியிலிருந்து உயிரோடு வெளியேறியவர்களிலும் எத்தனையோ பேரிடம் தமது கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடும்பத்தின் கதையைக் காட்ட, இனி எடுக்கும் படங்கள்தான் இருக்கப் போகின்றன. அகதி விசாரணை முடியாததால் பயணம் செய்ய முடியாதவர்கள், சொந்தச் சகோதரியின் கலியாணத்தையும் தாயின் இறுதிக் கிரியையையும் வீடியோவில்தான் பார்க்கிறார்கள். எனவே எடுத்த படத்தைக் கெடுக்காமல் கையாளத் தெரிந்திருப்பது அவசியம்.

கடைக் கொப்பியும் கமெராவும்

படம் ஏன் தடக்குகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வீடியோ என்பது அசையாத படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் பிறேம் என்கிறார்கள். ஐரோப்பாவிலும் இலங்கையிலும் தொலைக்காட்சி முறைப்படி வினாடிக்கு 25 பிறேம்கள். வட அமெரிக்காவில் ஏறக்குறைய 30. சாதாரண முழு எச்.டி. பிறேம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 இலட்சத்துக்கு மேல். இதை எதுவும் குறைக்காமல், புள்ளிக்கு 3 பைற்றாக, வினாடிக்கு 30 பிறேம் என்று எழுதினால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 670 கிகாபைற் வேண்டும். ஐபோனோ அதே ஒரு மணி நேரத்தைச் சுமார் 3.6 கிகாபைற்றில் அடக்கிவிடுகிறது. ஏறத்தாழ 180இல் ஒரு பங்கு.

இவ்வளவு சுருக்கம் எப்படிச் சாத்தியம்? ஊரில் கடன் கொடுக்கும் கடைக்காரரின் கொப்பியை நினைத்துப் பாருங்கள். முதல் வரியில் பெயர், திகதி, பொருள், விலை எல்லாம் முழுதாக எழுதுவார். அடுத்த வரிகளில் மாறாதவற்றுக்கு 'மேற்படி' என்று போட்டுவிட்டு, மாறியதை மட்டும் எழுதுவார். கமெராவும் இதைத்தான் செய்கிறது. அரை வினாடிக்கோ ஒரு வினாடிக்கோ ஒருமுறை ஒரு பிறேமை முழுதாக எழுதுகிறது. இடையில் வரும் பிறேம்களில், முன்னையதிலிருந்து மாறியதை மட்டும் எழுதுகிறது. சில பிறேம்கள் முன்னுக்கு உள்ளதையும் பின்னுக்கு உள்ளதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 என்ற இரண்டு முறைகளும் இவ்வாறு வேலை செய்பவையே. இன்றைய கைத்தொலைபேசிகளும் வீட்டுக் கமெராக்களும் பெரும்பாலும் இவற்றில்தான் எழுதுகின்றன.

கொப்பியை மேலிருந்து கீழாக வாசிப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. படத்தைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்ப்பது அப்படித்தான். ஆனால் திடீரென 14ஆம் வரியைக் காட்டு என்றால், 'மேற்படி' என்பது எதைக் குறிக்கிறது என்று அறிய மேலே போய் முதல் வரியிலிருந்து வர வேண்டும். தொகுப்பவர் செய்வது இதைத்தான். முன்னே போகிறார், பின்னே வருகிறார், ஒரு பிறேமில் நிற்கிறார், அங்கே வெட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் கொம்பியூட்டர் பின்னுக்கு ஓடி, முழுப் பிறேமைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறது. இரண்டு கமெராப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிறத் திருத்தமும் போட்டால் வேலை இன்னும் கூடுகிறது. பிள்ளை ஒரு பொத்தானை அமத்திவிட்டு மூன்று வினாடி காத்திருக்கும் நிலை இதனால்தான் வருகிறது.

மாற்றுவது என்றால் என்ன?

தொகுப்பு வேலைக்கென்றே உருவாக்கிய முறைகளில் 'மேற்படி' கிடையாது. ஒவ்வொரு பிறேமும் தனித்தனியே, முழுதாக எழுதப்படுகிறது. எந்த இடத்தில் திறந்தாலும் படம் உடனே வரும். அப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட புறோறெஸ், அவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ்.எச்.டி., அதன் பின் 2014இல் வந்த டி.என்.எக்ஸ்.எச்.ஆர். ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. விண்டோஸ் கொம்பியூட்டரில் டி.என்.எக்ஸ்.எச்.ஆர்., அப்பிள் கொம்பியூட்டரில் புறோறெஸ் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

இதற்கு ஒரு விலை உண்டு. முழுதாக எழுதினால் கொப்பி தடிக்கும். வினாடிக்கு 25 பிறேம் கொண்ட முழு எச்.டி. படத்துக்குக் கணக்கு இப்படி வரும்:

புறோறெஸ் 422: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 கிகாபைற்.
புறோறெஸ் எல்.ரி.: சுமார் 38 கிகாபைற்.
புறோறெஸ் புறொக்ஸி: சுமார் 17 கிகாபைற்.

டி.என்.எக்ஸ். முறைகளின் அளவும் இவற்றுக்குக் கிட்டத்தான். மூன்று மணி நேர அரங்கேற்றத்தை இரண்டு கமெராவில் எடுத்திருந்தால் மொத்தம் ஆறு மணி நேரம். புறோறெஸ் 422 என்றால் 330 கிகாபைற். 4கே தரத்தில் எடுத்து அப்படியே மாற்றினால் மணிக்குச் சுமார் 221 கிகாபைற், ஆறு மணிக்கு 1,300க்கு மேல். ஆகவே 4கே படத்தைத் தொகுப்புக்கென முழு எச்.டி. அளவுக்குக் குறைத்து மாற்றுவது புத்திசாலித்தனம். குடும்பத்தார் பார்ப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தானே. ஒரு வெளி வன்தட்டு வாங்குவது புதுக் கொம்பியூட்டர் வாங்குவதை விடப் பல மடங்கு மலிவு. வேலை முடிந்ததும் மாற்றிய கோப்புகளை அழித்துவிட்டு, அதே வன்தட்டை அடுத்த விழாவுக்குப் பாவிக்கலாம்.

சலங்கைச் சத்தமும் காலும்

கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கமெரா வினாடிக்கு 25 என்றால் 25 தான் எழுதும். கைத்தொலைபேசி அப்படியல்ல. வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ பிறேம்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். தனியே ஓடவிட்டால் தெரியாது. தொகுப்பு மென்பொருளில் போட்டால் படமும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். பேச்சில் அது சிறிதாகத் தெரியலாம். பரதநாட்டியத்தில் மறைக்கவே முடியாது. தட்டுக்கழி ஒரு இடத்தில், பிள்ளையின் கால் இன்னொரு இடத்தில். பல வருடம் பயின்று சரியாக ஆடிய பிள்ளை, தாளம் தவறியதாக வீடியோவில் என்றென்றைக்கும் நிற்பாள்.

மாற்றும்போது பிறேம் எண்ணிக்கையை 'நிலையானது' என்று குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 30இல் எடுத்ததை 30 என்றே நிலையாக்குங்கள். இங்கே 25 தானே என்று அதைக் குறைத்தால் சில பிறேம்கள் விழுந்து, அசைவு துள்ளும்.

படம் எடுக்கு முன்னரே கைத்தொலைபேசியை 25இல் வைத்தால் இன்னும் நல்லது. ஐபோனில் கமெரா அமைப்புகளுக்குள் பால் முறைகளைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அதைத் திறந்தால் 25 வரும். ஐரோப்பாவில் மின்சாரம் 50 சுற்று முறை என்பதால் மண்டப விளக்கின் கீழ் படம் மினுமினுப்பதும் இதனால் குறையும். மினுமினுப்புடன் எடுத்த படத்தை எந்த மாற்றத்தாலும் முழுமையாகத் திருத்த முடியாது.

நிறம் திருத்துவோர் கவனத்துக்கு

மாற்றினால் படம் அழகாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. கமெரா எழுதாத ஒன்றை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. சாதாரணக் கமெரா ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் எழுதுகிறது. தரம் கூடியவை 1024 படிகளில் எழுதும். 256இல் எழுதியதை 1024 படி உள்ள கோப்புக்குள் போட்டாலும் அது 256 தான். சிறிய கரண்டியால் அள்ளிய சோற்றைப் பெரிய தட்டில் போட்டால் சோறு கூடுவதில்லை. அதோடு, சாதாரணக் கமெராக்கள் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதினாலும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகவே எழுதுகின்றன. சிவப்புக் கூறைச் சேலையின் ஓரம் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

அப்படியானால் நிறத் திருத்தத்துக்கு என்ன நன்மை? முதலாவது, வேகம். நிறச் சக்கரத்தைச் சிறிது திருப்பியதும், ஓடும் படத்தில் மாற்றத்தை உடனே பார்க்கலாம். பார்த்துத் திருத்துவதற்கும் குருட்டுத்தனமாகத் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இரண்டாவது, தேய்மானம் குறைவு. முன்னர் வீடியோக் கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதி எடுத்தவர்களுக்கு இது விளங்கும். மூன்றாம் பிரதியில் முகமே கலங்கிவிடும். பாதி முடிந்த வேலையை எச்.264 ஆகச் சேமித்து, மீண்டும் திறந்து, மீண்டும் சேமித்தால் அதே கதிதான். புறோறெஸ் 422 அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். உயர்தரத்தில் சேமித்தால் அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிற்கும்.

புறொக்ஸி வகையை வைத்து நிறத்தைத் தீர்மானிக்க வேண்டாம். அது வெட்டி ஒட்டுவதற்கு மட்டும். நிறம் திருத்தும் நேரத்தில் மூலப் படத்துக்கோ உயர்தர மாற்றுக்கோ திரும்புங்கள்.

முகங்களைப் பற்றியும் ஒன்று சொல்வோம். வெள்ளை மணவறைக்கு முன்னால் கமெரா தானாக ஒளியைக் குறைக்கும். அப்போது மணமக்களின் முகம் இருண்டுவிடும். அதை அளவோடு தூக்குங்கள். ஆனால் எல்லோரையும் வெளுப்பாக்குவது திருத்தம் அல்ல. அப்பம்மாவின் நிறம் பேரப்பிள்ளைகளுக்கு அப்பம்மாவின் நிறமாகவே தெரியட்டும். புதிய ஐபோன்களில் எச்.டி.ஆர். என்ற தெரிவு இருக்கிறது. அதில் எடுத்ததைக் கவனமில்லாமல் மாற்றினால் நிறம் வெளிறியோ எரிந்தோ போகலாம். விழாவுக்கு முன்னர் அதை நிறுத்திவிடுவது எளிது.

செய்முறை

1. விழா முடிந்ததும் கமெரா அட்டையில் உள்ள அனைத்தையும், மடிப்புகளின் அமைப்பை மாற்றாமல், அப்படியே வன்தட்டில் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்து, முடிந்தால் உறவினர் வீட்டில் வையுங்கள். இரண்டு பிரதியும் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அட்டையை அழியுங்கள். இவையே மூலப் படங்கள். இவற்றில் கைவைக்கக் கூடாது.

2. வெளி வன்தட்டு 'பற்32' என்ற பழைய முறையில் இருந்தால் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. மாற்றிய கோப்புகள் அதைத் தாண்டும். 'எக்ஸ்பற்' முறையில் அமைத்துக்கொள்ளுங்கள். அப்படி அமைக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே வெறும் தட்டில் மட்டும் செய்யுங்கள்.

3. கைத்தொலைபேசிப் படங்களுக்கு 'ஷட்டர் என்கோடர்' என்ற இலவச மென்பொருள் போதும். கோப்புகளை உள்ளே இழுத்து விடுங்கள். டி.என்.எக்ஸ்.எச்.ஆர். அல்லது புறோறெஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறேம் எண்ணிக்கையை நிலையாக்குங்கள். ஒலியைச் சுருக்கப்படாத 48 கிலோஹேட்ஸ் ஆக வையுங்கள். இரவு தொடக்கிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

4. கமெராப் படங்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. 'டாவின்சி றிசோல்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பே வீட்டுத் தேவைக்குப் போதும். படங்களை உள்ளே எடுத்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து, வலப்பக்கப் பொத்தானை அமத்தி 'ஜெனரேற் புறொக்ஸி மீடியா' என்பதைச் சொடுக்குங்கள். அது சிறு பிரதிகளைச் செய்து தானே மூலத்துடன் இணைத்துக்கொள்ளும். வெட்டும்போது சிறு பிரதியையும், நிறம் திருத்தும்போது மூலத்தையும் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம்.

5. முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒலி பொருந்துகிறதா, நிறம் மூலம் போலவே இருக்கிறதா என்று பார்த்த பின்னர் மிச்சத்தைத் தொடங்குங்கள்.

6. வேலை முடிந்ததும் உறவினருக்கு அனுப்ப எச்.264 ஆக ஒரு பிரதி செய்யுங்கள். அனுப்புவதற்கும் பார்ப்பதற்கும் அந்தச் சுருக்க முறைதான் சிறந்தது. வெட்டுவதற்குத்தான் அது உதவாது.

உறவினர் எடுத்த துண்டுகள்

லண்டனிலிருந்து வந்த மாமா எடுத்தது, மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மச்சாள் எடுத்தது என்று பல துண்டுகள் வட்ஸ்அப்பில் வரும். சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை மேலும் சுருக்கிவிடும். இழந்த தெளிவு திரும்பாது. ஆவணமாக, அதாவது 'டொக்கியுமென்ற்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். 2 கிகாபைற் வரை சுருக்காமல் வரும். இதை விழா நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால், இடம் போதாமல் அழித்துவிட்டோம் என்பார்கள்.

எப்போது மாற்றத் தேவையில்லை?

பிறந்தநாள் கேக் வெட்டிய பத்து நிமிடத் துண்டைத் தொடக்கமும் முடிவும் மட்டும் வெட்டி அனுப்புவதென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. கொம்பியூட்டர் தடக்காமல் ஓட்டினால் அப்படியே வெட்டுங்கள். மூலப் படத்தைச் சாதாரணமாக ஓடவிட்டாலே தடக்குமானால், முதலில் அதை யூ.எஸ்.பி. தடியிலிருந்து கொம்பியூட்டரின் உள் வன்தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றிய பின்னும், உள் வன்தட்டில் இருந்தும், ஒரே ஒரு படமே தடக்கினால் அப்போது கொம்பியூட்டரைச் சந்தேகிக்கலாம். அந்த நேரத்திலும் தவணைக்குக் கையெழுத்திட முன்னர் மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

இந்த வேலைகளைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிடாமல் பெற்றோரும் ஓரளவு தெரிந்து வைத்திருங்கள். பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வேறு நகரத்துக்குப் போனாலும், மூலப் படம் எந்த வன்தட்டில் இருக்கிறது, எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். வன்தட்டின் மேல் விழாவின் பெயரையும் திகதியையும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்த இதழில், அலுமாரிக்குள் கிடக்கும் பழைய வீடியோக் கசெற்றுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றுவது பற்றி எழுதவுள்ளோம். கனடாவிலிருந்து வந்த கசெற் இங்கே ஏன் கறுப்பு வெள்ளையாக ஓடியது, அல்லது ஓடவே மறுத்தது என்ற கேள்விக்கும் அதில் பதில் வரும். அதுவரை அந்தக் கசெற்றுகளை ஈரமில்லாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.